பல்சக்கரம் இல்லாமல் மலையேறும் வண்டி: டார்ஜிலிங் ரயில் பயண மதிப்புரை

நாகர்கோவிலில் யாரிடமாவது டார்ஜிலிங் மலை ரயிலில் போய்வந்தோம் என்று சொன்னால், “ஊட்டி ரயில் மாதிரிதானே?” என்றுதான் உடனே கேட்கிறார்கள். போவதற்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டும் நீராவிக் காலத்து மலை ரயில்கள், இரண்டும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பவை, இரண்டிலும் நீல நிறச் சிறிய பெட்டிகள் என்பதால் அந்த எண்ணம் இயல்பாக வந்துவிடுகிறது. ஆனால் மலையேறுவது என்ற ஒரே வேலையை இவ்விரண்டு பாதைகளும் முற்றிலும் வேறான வழிகளில் செய்கின்றன. டார்ஜிலிங் பாதையின் வரலாறே அந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு ஏறினால்தான் கொடுக்கும் காசுக்கும் செலவாகும் நாட்களுக்கும் பலன் உண்டு. ஆகவே எந்த வண்டியில், எதற்காக ஏற வேண்டும் என்பதைக் குமரி மாவட்டத்திலிருந்து புறப்படப் போகிறவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நமக்குப் பழக்கமான நீலகிரிப் பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் நீளமுள்ள அது, 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். கல்லாறு தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் தொடங்கிவிடும். எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டரை அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். மலை குறுக்கே வந்த இடத்தில் குடைந்துவிட்டார்கள். அப்படி 16 குகைகள் உள்ளன.

டார்ஜிலிங் பாதையில் பல்பட்டை கிடையாது. ஒரு குகைகூடக் கிடையாது. நியூ ஜல்பாய்குரியிலிருந்து டார்ஜிலிங் வரை 88 கிலோமீட்டர். வழியில் வரும் கூம் நிலையம் 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். ஏறத்தாழ கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியிலிருந்து அந்த உயரத்தை, வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தின்மேல் கொள்ளும் பிடிமானத்தால் மட்டுமே இந்த வண்டி எட்டிவிடுகிறது. எப்படி என்பதுதான் பார்க்க வேண்டிய காட்சி.

நாங்கள் போனது கன்னியாகுமரியிலிருந்து திப்ருகார் வரை ஓடும் விவேக் எக்ஸ்பிரஸில். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அந்த வண்டிதான் நாட்டிலேயே நெடுந்தொலைவு வண்டி. நாகர்கோவிலில் ஏறினால், எங்கும் மாறாமல் நியூ ஜல்பாய்குரியில் இறங்கிவிடலாம். எழுபது வயது தாண்டிய அப்பாவை அவ்வளவு தூரம் அழைத்துச் செல்ல எனக்குத் துணிவு வந்ததே இந்த வசதியால்தான். அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேருந்து ஓட்டியவர். கீரிப்பாறை, கோதையாறு என்று நம் மாவட்டத்து மலைச்சாலைகளில்தான் அவருடைய வேலைக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. ஏற்றம், வளைவு, வழுக்கல் என்றால் அவருக்குக் கையும் காலும் அறியும்.

மலை ரயிலின் நடைமேடையும் அதே நிலையத்தில்தான் இருக்கிறது. நாம் வந்திறங்கிய அகலப்பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். இதில் 610 மில்லிமீட்டர், அதாவது இரண்டே அடி. அப்பா ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு தண்டவாளத்திலிருந்து மறு தண்டவாளத்துக்குச் சாண் போட்டுப் பார்த்தார். மூன்று சாண் முழுதாக வரவில்லை. நிமிர்ந்து, “இவ்வளவு எடத்துலயா மக்களே வண்டி நிக்கும்?” என்றார். அந்தக் கேள்வியை 140 ஆண்டுகளுக்கு முன்னால் வேறு பலரும் கேட்டிருப்பார்கள்.

1878-இல் கல்கத்தாப் பக்கமிருந்து சிலிகுரி வரை ரயில் வந்துவிட்டது. அதற்கு மேலே டார்ஜிலிங்குக்குப் போக மலைச்சாலை ஒன்றுதான் இருந்தது. ‘ஹில் கார்ட் ரோடு’ என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஆட்கள் குதிரை வண்டியிலும் சாமான்கள் மாட்டு வண்டியிலும் ஏறின. ஏற்றுகூலி எவ்வளவு என்றால், சிலிகுரியில் விற்ற அரிசி மலைமேல் போய்ச் சேர்ந்ததும் இரண்டு மடங்குக்கும் அதிகமான விலைக்கு விற்றது. தேயிலைத் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம்; கீழே இறங்க வேண்டிய தேயிலைக்கும் இதே பாடுதான். கிழக்கு வங்காள ரயில்வேயின் முகவராக இருந்த பிராங்கிளின் பிரெஸ்டேஜ் என்பவர், அந்தச் சாலையின் ஓரத்திலேயே இரண்டடி அகலத்தில் தண்டவாளம் போட்டுவிடலாம் என்ற யோசனையை முன்வைத்தார். வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் ஆஷ்லி ஈடன் அதை ஏற்றுக்கொண்டார். 1879-இல் வேலை தொடங்கியது. 1880 மார்ச்சில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, முடிந்திருந்த தூரம் வரை வண்டியில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் குர்சியாங் வரையிலும், 1881 ஜூலையில் டார்ஜிலிங் வரையிலும் பாதை திறக்கப்பட்டது.

இவ்வளவு விரைவாக முடிந்ததற்குக் காரணம், மலையில் புதிதாக வழி வெட்டாமல் ஏற்கெனவே இருந்த சாலையோடு ஒட்டிப் போனதுதான். அகலம் குறைந்தால் வளைவுகளைக் கூர்மையாக எடுக்கலாம், சாலை போகும் இடமெல்லாம் போகலாம், செலவும் கட்டுப்படும். தொடக்கத்தில் அந்த நிறுவனத்தின் பெயரே ‘டார்ஜிலிங் ஸ்டீம் டிராம்வே’ என்பதுதான். 1881-இல்தான் டார்ஜிலிங் ஹிமாலயன் ரயில்வே ஆயிற்று.

இந்த ஆண்டுகளைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நினைவு வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-இல். நாகர்கோவிலும் திருநெல்வேலியும் ரயிலால் இணைந்தது 1981-இல். அந்த மலையில் தொடங்கியதும் முடிந்ததும் 1879, 1881 என்றால், நமக்குச் சரியாக நூறு நூறு ஆண்டுகள் கழித்துத்தான் வண்டி வந்திருக்கிறது. முதல் வண்டி வந்தபோது அப்பா இரணியல் நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தவர்.

இனி பயணத்துக்கு வருகிறேன். சுற்றுலாப் பயணிகளுக்கு இங்கே இரண்டு விதமான சேவைகள் உண்டு. ஒன்று, நியூ ஜல்பாய்குரியிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் டார்ஜிலிங் சேரும் முழுப்பயண வண்டி. இதை டீசல் எஞ்சின் இழுக்கிறது. மற்றொன்று, டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்பும் இரண்டு மணி நேர உல்லாச வண்டி. இதில் நீராவி எஞ்சின் உள்ள நடைகளும் உண்டு, டீசல் நடைகளும் உண்டு. நம் பக்கத்துப் பயண முகவர் ஒருவர், உல்லாச வண்டியில் போனாலே வளைவும் சுற்றும் எல்லாம் பார்த்துவிடலாம், முழுப்பயணம் வீண் என்று எங்களிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார். அது தவறான தகவல். உல்லாச வண்டி ஓடுவது 88 கிலோமீட்டரில் மேலேயுள்ள ஏழெட்டுக் கிலோமீட்டர் மட்டுமே. பாதையின் சாமர்த்தியத்தில் பெரும்பகுதி கீழே, சுக்னாவுக்கும் குர்சியாங்குக்கும் இடையில்தான் இருக்கிறது.

சுக்னா வரை சமவெளி. அதில் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து காடு தொடங்குகிறது, எஞ்சினின் சத்தமும் மாறுகிறது. ரங்டோங் நிலையத்தைத் தாண்டிய பிறகு ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஏற்றம் அதிகமாகி, நேராகப் போக இடமும் இல்லாத ஓரிடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. முன்னால் தண்டவாளம் கொஞ்ச தூரத்தில் முடிந்துபோகிறது. ஒருவர் இறங்கி நெம்புகோலைச் சாய்த்துப் பாதையை மாற்றுகிறார். வண்டி இப்போது பின்னோக்கி நகர்கிறது. ஆனால் வந்த வழியில் அல்ல, அதற்கு மேலே இன்னொரு சரிவில் ஏறுகிறது. பெட்டிதான் முன்னே, எஞ்சின் பின்னே. அந்தச் சரிவின் முனையில் மறுபடியும் நின்று, மறுபடியும் பாதையை மாற்றி, பழையபடி முன்னோக்கிப் புறப்படுகிறது. சற்றுமுன் நாம் நின்ற தண்டவாளம் இப்போது ஜன்னலுக்கு வெகு கீழே கிடக்கிறது. ஒரு கிலோமீட்டர்கூட முன்னேறவில்லை; ஆனால் ஒரு மாடி ஏறிவிட்டோம். இதை ஜிக்ஜாக் என்கிறார்கள். இப்படி ஆறு இடங்கள் இருக்கின்றன.

முதல் ஜிக்ஜாக்கில் அப்பா பேசவே இல்லை. இரண்டாவதில் எழுந்து கதவருகே போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “கொண்டை ஊசியில ஒரே ஒடிப்புல திரும்பல்லன்னா, நாங்க ரிவர்ஸ் எடுத்துத்தான் ஏத்துவோம். இவனுங்க தண்டவாளத்தையே அப்படிப் போட்டு வச்சிருக்கான்லா.” இதைவிடத் தெளிவாக எந்த வழிகாட்டியும் எங்களுக்கு விளக்கவில்லை. பிரெஸ்டேஜ் மேலே போக வழி தெரியாமல் தவித்தபோது, முன்னால் போக முடியாவிட்டால் பின்னால் வரலாமே என்று அவருடைய மனைவி சொன்னதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்று அந்தப் பக்கத்தில் ஒரு செவிவழிக் கதை உலவுகிறது.

மற்றொரு உபாயம் லூப், அதாவது சுற்றுப்பாதை. குன்றைச் சுற்றி வளைந்து ஏறி, தான் வந்த பாதையின் மேலேயே பாலம் போட்டுக் கடந்துபோவது. சுன்பாட்டி, அகொனி பாயின்ட், பாதாசியா என்ற மூன்று லூப்கள் இப்போது உள்ளன. முன்பு கீழே இருந்த ஒன்று 1991 வெள்ளத்துக்குப் பிறகு கைவிடப்பட்டது. சுன்பாட்டி என்றால் சுண்ணாம்புச் சூளை என்று பொருள். தின்தாரியாவுக்கு மேலே வரும் அகொனி பாயின்டின் வளைவு இந்தப் பாதையிலேயே மிகக் குறுகியது. வண்டியின் முன்பெட்டியில் இருப்பவர்களின் முகம் கடைசிப் பெட்டியில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது. அங்கே வண்டி நடைவேகத்தில் திரும்பும்போது சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசி எழுப்பும் கீச்சொலி பல்லைக் கூசவைக்கும். அந்த ஒலியைக் கேட்ட பிறகுதான் இரண்டடி அகலம் ஏன் தேவைப்பட்டது என்பது எனக்கு முழுதாக விளங்கியது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தை அந்த இடத்தில் வளைத்திருக்கவே முடியாது.

தின்தாரியாவில் இந்த ரயில்வேயின் பணிமனை இருக்கிறது. எஞ்சின்களைப் பழுதுபார்த்ததோடு நில்லாமல் ஒருகாலத்தில் அங்கேயே எஞ்சின் கட்டவும் செய்திருக்கிறார்கள். அதற்கு மேலே பாக்லாஜோரா. பைத்தியக்கார ஓடை என்று அர்த்தம். பெயருக்கேற்ப மழைக்காலத்தில் மலையையே இழுத்துக்கொண்டு இறங்கும் இடம். 2010-இல் இங்கே ஏற்பட்ட மண்சரிவும் 2011-இல் தின்தாரியா அருகே ஏற்பட்ட மண்சரிவும் பாதையை இரண்டாக அறுத்துவிட்டன. முழுப்பயண வண்டி மறுபடி ஓட 2015 ஆயிற்று. இந்த ரயிலின் வரலாற்றில் பாதி, மலை அதைத் தள்ளிவிட்டதும் இவர்கள் மறுபடி எடுத்து நிறுத்தியதும்தான். 1897-இல் பெரும் நிலநடுக்கம், 1899-இல் புயல், 1934-இல் மற்றொரு நிலநடுக்கம். தீஸ்தா பள்ளத்தாக்கில் ஓடிய கிளைப்பாதை 1950 வெள்ளத்தோடு முடிந்துபோனது. நிறுவனத்திடமிருந்து 1948-இல் இந்திய அரசு இந்தப் பாதையை வாங்கியது. 1960-களில் நியூ ஜல்பாய்குரி வரை நீட்டியது. தனி மாநிலம் கேட்டு நடந்த கோர்க்காலாந்து போராட்டத்தின்போது 1988-89-இல் ஒன்றரை ஆண்டு வண்டி ஓடவில்லை. இத்தனைக்கும் பிறகு 1999-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆஸ்திரியாவின் செம்மரிங் பாதைக்கு அடுத்து, அந்தப் பட்டியலில் ஏறிய இரண்டாவது ரயில்பாதை உலகிலேயே இதுதான். நீலகிரிப் பாதை இதன் தொடர்ச்சியாகத்தான் 2005-இல் சேர்க்கப்பட்டது.

குர்சியாங் கடைத்தெருவுக்குள் வண்டி நுழைவது வேறெங்கும் கிடைக்காத அனுபவம். தெருவும் தண்டவாளமும் ஒன்றே. பழக்கடையின் கூடைக்கும் பெட்டியின் படிக்கும் இடையே ஒரு கை அகலம்கூட இல்லை. எஞ்சின் ஊதியதும் கடைக்காரப் பெண் தன் முக்காலியைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டு, வண்டி போனதும் மறுபடி வெளியே தள்ளிப் போட்டுக்கொண்டார். பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தவே இல்லை. வடசேரிச் சந்தைக்கு நடுவே ரயில் ஓடுவதாக நினைத்துப் பார்த்தால் ஓரளவுக்குப் புரியும்.

டார்ஜிலிங் போய்ச் சேர்ந்த மறுநாள் நீராவி உல்லாச வண்டியில் ஏறினோம். முகவர் சொன்னதைத் தவறு என்று எழுதினேனே தவிர, இந்த வண்டியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பாதையின் சாமர்த்தியம் கீழே என்றால், எஞ்சினின் உயிர் இங்கேதான். ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் 1889-இல் முதன்முதலாகச் செய்து கொடுத்த ‘பி’ வகை எஞ்சின்கள் இவை. மொத்தம் 34 எஞ்சின்கள் கட்டப்பட்டன, அவற்றில் சிலதான் இன்னும் ஓடுகின்றன. நான்கே நான்கு சிறு சக்கரங்கள். கொதிகலனுக்கு மேலே குதிரைச் சேணம்போல் தண்ணீர்த் தொட்டி. கரியும் கொதிகலனுக்கு மேலேயே இருக்கிறது. அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து கட்டிகளை உடைத்துத் தந்துகொண்டே வருகிறார்.

நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது எஞ்சினின் முன்னால் இருந்தவர்களை. மோதுகட்டைக்கு மேலே, பக்கத்துக்கு ஒருவராக இருவர் உட்கார்ந்து வருகிறார்கள். இவர்களுடைய வேலை தண்டவாளத்தில் மணல் தூவுவது. பனி படிந்தோ இலை மசிந்தோ இருக்கும் தண்டவாளத்தில் சக்கரம் ஏறாமல் நின்ற இடத்திலேயே சுழலும். மணல் விழுந்தால் பிடி கிடைக்கும். நிலையத்தை விட்டுச் சற்று ஏறியதும் ஒரு வளைவில் சக்கரம் அப்படித்தான் வழுக்கிச் சுழன்றது. புகைபோக்கியிலிருந்து படபடவென்று சத்தம் வந்தது. இடப்பக்கம் இருந்தவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பெட்டிக்குள் விட்டு மணலை அள்ளி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கோலப்பொடி விடுவதுபோல் மெல்லிய ஒரே கோடாக, தண்டவாளத்தின் தலையில் விட்டுக்கொண்டே வந்தார். சிந்தவில்லை, விலகவில்லை. மூன்று விரல் அகலமுள்ள இரும்பின்மேல், ஆடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் உட்கார்ந்தபடி, அந்தக் கோடு நேராக விழுந்தது. நான்கைந்து மூச்சுக்குள் சக்கரம் பிடித்துக்கொண்டது. நீலகிரியில் எஃகுப் பற்கள் செய்யும் வேலையை இங்கே ஒரு மனிதரின் விரல்கள் செய்கின்றன. இந்த ஒரு காட்சிக்காகவே நீராவி நடைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் கட்டணம் தகும் என்பது என் முடிவு. டீசல் நடையில் இது கிடைக்காது. எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் இடம் கிடைத்தால் வளைவுகளில் நன்றாகப் பார்க்கலாம். கரித்தூள் பறக்கும், கண்ணாடி அணிந்துகொள்வதும் வெளிர்நிற உடையைத் தவிர்ப்பதும் நல்லது.

பாதாசியா லூப்பில் பத்து நிமிடம் நிற்கிறார்கள். காற்றோட்டமான இடம் என்பது அந்தப் பெயரின் பொருள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பழகிய நமக்குக்கூட அந்தக் காற்று உறைக்கிறது. 1919-இல் அமைத்த இந்தச் சுற்றின் நடுவே கோர்க்கா வீரர்களுக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது; வானம் தெளிந்திருந்தால் எதிரே கஞ்சன்ஜங்கா முழுவதும் தெரியும். எல்லோரும் மலையைப் படம்பிடிக்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் எஞ்சினுக்கு அருகே போய் நின்றால், அதன் இயக்கத்தை நெருக்கத்தில் பார்க்கலாம். கூம் நிலையத்து அருங்காட்சியகம் சிறியதுதான். ஆனால் ‘பேபி சிவோக்’ என்ற குட்டி எஞ்சினையும் பழைய படங்களையும் நிதானமாகப் பார்க்க, வண்டி நிற்கும் நேரம் போதாது. நாங்கள் வேறொரு நாள் ஜீப்பில் தனியாகப் போய்ப் பார்த்தோம்.

போகிறவர்கள் இரண்டு சேவைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் முழுப்பயணம், பிறகு நீராவி வண்டி என்ற வரிசையில். முழுப்பயணம் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருக்கை நம் விரைவு வண்டி இருக்கைபோல் விசாலமாக இருக்காது. பெரியவர்களுடன் போகிறவர்கள் டார்ஜிலிங் வரை உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆறு ஜிக்ஜாக்குகளும் இரண்டு லூப்களும் குர்சியாங்குக்குள் முடிந்துவிடுகின்றன. அங்கே இறங்கி ஜீப் பிடித்தால் வெளிச்சம் இருக்கும்போதே டார்ஜிலிங் சேரலாம். டிசம்பர், ஜனவரியில் அந்தப் பக்கம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால், கடைசி ஒரு மணி நேரம் ஜன்னலில் எதுவும் தெரியாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் வண்டியை நிறுத்திவைப்பது வழக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இதற்கென்று பயணத்தைத் திட்டமிட வேண்டாம். இருக்கைகள் குறைவு என்பதால், விவேக் எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு செய்யும்போதே மலை ரயிலுக்கும் செய்துவிடுங்கள். நியூ ஜல்பாய்குரியில் ஓர் இரவு தங்கி, காலையில் நடைமேடைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டால், அந்த இரண்டடித் தண்டவாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாண் போட்டுப் பார்க்கலாம்.